வீட்டிலேயே ஐ.என்.ஆர். பார்க்கும் கருவி: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் என் அம்மாவுக்கு இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டது. ஐந்து ஆண்டுகளாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் சீரற்ற இதயத் துடிப்பும் சேர்ந்துகொண்டது. இதயத்தின் மேலறையில் தேங்கும் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும் என்பதால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை அவர் தினமும் சாப்பிடுகிறார். அடிக்கடி இரத்தம் பார்க்கத் தேவையில்லாத புதிய மாத்திரைகள் இருக்கின்றனவே என்று பலர் கேட்கிறார்கள். ஆனால் ருமாட்டிக் வால்வு நோயும் இத்துடிப்புக் கோளாறும் சேர்ந்தவர்களுக்கு அந்தப் புதிய மாத்திரைகளுள் ஒன்றான ரிவராக்சபானைவிட வார்ஃபரின் வகை மருந்தே மேல் என்று, 24 நாடுகளில் நடந்த இன்விக்டஸ் ஆய்வு 2022-இல் காட்டியது. ஆகவே, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற எண் அவருக்கு 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் உறையும், கூடினால் கசியும்.

முன்பு ஆய்வகத்தையே நம்பியிருந்தோம். ஒருமுறை நீலமூடிக் குழாயில் பாதியளவே இரத்தம் எடுத்தார்கள். மறுநாள் மாலை 3.8 என்று முடிவு வந்தது. ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் (குழாயில் இரத்தம் உறையாமல் காக்கும் திரவம்) என்ற கணக்குப் பிசகினால் எண் பொய்யாக ஏறக்கூடும் என்று மருத்துவர் விளக்கி, மறுபடி எடுக்கச் சொன்னார். வந்தது 2.7. அந்த வாரமே ரோச் நிறுவனத்தின் கோகுசெக் எக்ஸ்எஸ் கருவியை வாங்கினேன்.

விரல் நுனியைக் குத்திய 15 விநாடிக்குள், கருவியில் செருகிய ஸ்ட்ரிப்பில் (சோதனைப் பட்டையில்) ஒரு துளி வைத்தால், ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் எண் தெரிகிறது. முதல் இரண்டு ஸ்ட்ரிப்புகளை நான் வீணாக்கினேன். அம்மாவின் கையை வெந்நீரில் நனைத்து, சற்றுநேரம் தொங்கவிட்ட பிறகு குத்தினால், அழுத்திப் பிதுக்காமலே போதிய இரத்தம் வருகிறது. ஸ்ட்ரிப்பை 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்பதால், கோடையில் அது எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில்தான் இருக்கும்.

மாதத்துக்கு ஒருமுறை பார்த்தபோது தெரியாத ஏற்ற இறக்கங்கள், வாரந்தோறும் குறித்துவைக்கும் நோட்டில் தெளிவாகத் தெரிகின்றன. கொல்லையில் முருங்கை தழைத்து நாள்தோறும் கீரை சமைத்த வாரத்தில் எண் 1.7-க்கு இறங்கியது; கீரையிலுள்ள வைட்டமின் கே வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும். கீரையை நிறுத்த வேண்டாம், வாரந்தோறும் ஒரே அளவில் சாப்பிடட்டும் என்றார் மருத்துவர். சிறுநீர்த் தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக் தொடங்கிய நான்காம் நாள் 3.4, மருத்துவர் சொன்னபடி அன்றே அளவைக் குறைத்தோம். ஆய்வக முடிவுக்குக் காத்திருந்தால் இன்னொரு வேளை மாத்திரை உள்ளே போயிருக்கும்.

ஸ்ட்ரிப்பின் விலைதான் தொடர்ச் செலவு, அது லேசானதன்று. எண் 4-ஐத் தாண்டினால் நரம்பில் எடுத்த இரத்தத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்கள் (இரத்தம் உறையும் சோதனைகளைக் குழப்பக்கூடிய புரதங்கள்) இரத்தத்தில் உள்ளவர்கள் இவ்வகைக் கருவியை நம்பக் கூடாது. நாங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வக முடிவோடு ஒப்பிடுகிறோம். மாத்திரையின் அளவை மருத்துவரைக் கேட்காமல் மாற்றுவதில்லை. எண் ஒரே நிலையில் நிற்பவர்களுக்கு, அருகில் நல்ல ஆய்வகமும் இருந்தால், இது அவசியமில்லை. அம்மாவைப்போல் ஏறி இறங்குபவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.