எஸ்.பி. ரோட்டில் வாங்கிய 0–10 வோல்ட் மாட்யூல்: ஒரு மதிப்பீடு

பெங்களூருவின் அல்சூரில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தின் எல்இடி விளக்குகளை இஎஸ்பி32 என்னும் சிறு கட்டுப்பாட்டுச் சில்லு கொண்டு மங்கச் செய்வதற்காக, அது தரும் பிடபிள்யூஎம் துடிப்பை (வேகமாக விட்டுவிட்டு வரும் மின்சைகை) 0 முதல் 10 வோல்ட் வரையிலான மின்னழுத்தமாக மாற்றி, விளக்குகளுக்கு மின்சாரம் தரும் டிரைவருக்கு அனுப்பும் சிறிய மாட்யூல் ஒன்றை மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் 180 ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டு மாதமாக நன்றாக உழைக்கிறது. ஆனால் கடையில் எந்தக் குறிப்பும் தராததால் முதல் வாரம் வீணாயிற்று.

துடிப்பை முழு அளவில் வைத்து, வெளியீட்டைச் சரிசெய்யும் நீலநிறத் திருகான டிரிம்பாட்டை எவ்வளவு திருகினாலும் மல்டிமீட்டர் 9.7 வோல்ட்டைத் தாண்டவில்லை. இதிலுள்ள எல்எம்358 ஆப்-ஆம்ப்பின் (மின்னழுத்தத்தைப் பெருக்கும் சில்லு) வெளியீடு, அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைவிட ஏறத்தாழ 1.5 வோல்ட் குறைவாகவே நிற்கும். என் பழைய 12 வோல்ட் அடாப்டரோ 11.2 வோல்ட்தான் தந்துகொண்டிருந்தது. 15 வோல்ட் அடாப்டருக்கு மாற்றியதும் 10.00 சரியாக வந்து நின்றது.

அடுத்து, 500 ஹெர்ட்ஸ் துடிப்பில் குறைந்த வெளிச்சத்தின்போது விளக்கு மெல்ல நடுங்கியது. மாட்யூலின் மின்தடையும் மின்தேக்கியும் சேர்ந்த வடிகட்டி, அவ்வளவு மெதுவான துடிப்பை முழுமையாகச் சமன்செய்வதில்லை. அதிர்வெண்ணை 2 கிலோஹெர்ட்ஸாக உயர்த்தியதும் நடுக்கம் அறவே நின்றது.

வாங்குபவர்கள் எல்இடி டிரைவரின் கிரவுண்டையும் (மைனஸ் முனை) மாட்யூலின் கிரவுண்டையும் கட்டாயம் இணைக்க வேண்டும். 1–10 வோல்ட் வகை டிரைவரில் மின்னழுத்தம் சுழியமானாலும் விளக்கு முற்றிலும் அணையாது. முற்றிலும் அணைக்கத் தனியே ரிலே (மின்சைகையால் இயங்கும் சுவிட்ச்) தேவை.