ஏமாற்றும் கசினோவைத் தாங்கிப் பிடிப்பது யார்? வங்கியா, இடைத்தரகரா, விளையாட்டுக் கம்பனியா?

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஒன்லைன் கசினோவில் காசை விட்ட பசங்களிடம் பேசினால் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "அது கள்ளக் கம்பனினா பேங்க் எப்படிக் காச அனுப்புறான்?" நியாயமான கேள்வி. கசினோ ஓட வங்கி வேண்டும், வங்கிக்கும் கசினோவுக்கும் நடுவே பணம் கைமாற்றும் இடைத்தரகர் வேண்டும், சக்கரம் சுழற்றும் ஸ்லொட் விளையாட்டைச் செய்து தரும் மென்பொருள் கம்பனி வேண்டும். இந்த மூன்று பேரும் பார்ப்பது ஒன்றைத்தான்: நமக்குச் சேர வேண்டியது சேருகிறதா? வென்றவனுக்குப் பணம் போனதா என்பது அவர்கள் கணக்கில் வராது. அதனால் விளையாடுகிறவனை இழுத்தடிக்கும் கசினோகூட இவர்களுக்கு மட்டும் தவணை தவறாது. தவறினால் கடையையே மூட வேண்டியதுதான்.

வங்கிக்கு இதில் நல்ல வரும்படி. விசா, மாஸ்டர்கார்ட் இரண்டிலும் சூதாட்டத்துக்கு 7995 என்று தனி வியாபாரக் குறியீடு உண்டு. ஆபத்து கூடிய வியாபாரம் என்பதால் கசினோவின் வங்கி கூடுதல் கொமிஷன் எடுக்கும். வரும் பணத்தில் ஒரு பங்கைச் சில மாதங்கள் பிடித்தும் வைக்கும். நாளைக்கே கசினோ ஓடிப்போனாலும் வங்கிக்குக் கையைக் கடிக்காது. நம்மூர்ப் பக்கத்து வங்கியோ ஒரு குறியீட்டையும் ஒரு பெயரையும்தான் பார்க்கிறது. அதை இங்கே குறை சொல்ல எனக்கு மனமில்லை.

அந்தக் குறியீட்டையும் பெயரையும் பொய்யாக்குவது இடைத்தரகர். இதற்குப் பெரிய சாட்சி, 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்காவில் ஒன்லைனில் போக்கர் என்ற சீட்டுச் சூதாட்டம் நடத்திய மூன்று கம்பனிகளின் நிறுவனர்கள் உட்படப் பலர் மேல் வெளியான குற்றப்பத்திரிகை. போக்கர் பணத்தை நகை விற்ற பணம், கோல்ஃப் பந்து விற்ற பணம் என்று காட்ட, இல்லாத கடைகளை இடைத்தரகர்கள் உருவாக்கினார்கள் என்றது அது. அப்புறம், நலிந்த சிறு வங்கிகளைத் தேடிப் போனார்கள். யூட்டா மாநிலத்தின் சன்ஃபர்ஸ்ட் வங்கிக்கு 10 மில்லியன் டொலர் முதலீடு, பதிலுக்குப் போக்கர் பணத்தைக் கையாள வேண்டும் என்பதுதான் குற்றச்சாட்டு. அந்த வங்கி அதே ஆண்டு நவம்பரில் மூடப்பட்டது. மற்ற வங்கிகள் தெரியாது என்று சொல்ல இடமிருக்கலாம். கடைப் பெயரையே கற்பனை செய்தவர் அப்படிச் சொல்ல முடியுமா?

ஆனாலும் என் கோபம் அதிகம் போவது விளையாட்டுக் கம்பனி மேல்தான். அதற்குப் பெரும்பாலும் நிலையான விலை கிடையாது. விளையாடுகிறவர்கள் தோற்ற பணத்தில் பங்கு. தோல்வி கூடக் கூட வருமானமும் கூடும். அசல் விளையாட்டு அந்தக் கம்பனியின் சேர்வரில் ஓடுவதால் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கசினோக்காரன் கைவைக்க முடியாது. திரையில் அந்தக் கம்பனியின் பெயரைப் பார்த்துத்தான் நம் பசங்களும் நம்புகிறார்கள். விளையாட்டு சுத்தமாக இருக்கலாம், சரி. வென்ற பணத்தைக் கொடுப்பது யார் கையில்? அதே 2011 வழக்கில் சிக்கிய ஃபுல் டில்ட் போக்கர், விளையாடியவர்களுக்குச் சுமார் 390 மில்லியன் டொலர் கொடுக்க வேண்டியிருந்தபோது வங்கியில் வைத்திருந்தது சுமார் 60 மில்லியன்தான் என்றது அமெரிக்க நீதித்துறை. ஏமாற்றும் கசினோவுக்குத் தரும் இணைப்பை வெட்ட விளையாட்டுக் கம்பனிக்கு நீதிமன்ற உத்தரவு தேவையில்லை. முறைப்பாடுகள் குவிந்த பிறகும் வெட்டாமல் இருந்தால், பங்கு வந்துகொண்டே இருப்பதுதான் காரணம்.

மலையகத்தில் நான்காவதாக ஒருவரும் இருக்கிறார்: கணக்கை வாடகைக்குக் கொடுப்பவர். பணம் போடக் கேட்டால் வட்ஸ்அப்பில் ஒரு கணக்கிலக்கம் வரும், யாரோ ஒரு அக்காவின் பெயரோடு. அடுத்த முறை வேறு பெயர், வேறு வங்கி. மாதம் சில ஆயிரத்துக்காகப் பேங்க் புத்தகத்தையும் ஏடிஎம் கார்டையும் சிம்மையும் தூக்கிக் கொடுத்தவர்களின் கணக்குகள் இவை. மேலே சொன்ன மூவரும் எங்கோ இருக்க, பொலிஸ் தேடி வருவது கணக்கில் உள்ள பெயரைத்தான். 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடுப்புச் சட்டம், அதாவது கள்ளப் பணத்தை நல்ல பணமாகக் காட்டுவதைத் தடுக்கும் சட்டம், சாதாரணமானது அல்ல. தம்பி, தங்கச்சி யாரும் இதற்குக் கணக்குக் கொடுக்காதீர்கள்.

பணம் போடுகிறவனுக்கும் வழிக்கு வழி வித்தியாசம் உண்டு. கார்டில் போனால், களவாக எடுக்கப்பட்ட பணத்துக்கு வங்கியில் ஆட்சேபம் கொடுக்கலாம். விளையாடித் தோற்றதற்கு அது செல்லாது. தனியாள் கணக்குக்கு உடனடியாக மாற்றிய பணம் நொடியில் கைமாறிவிடும். அனுப்பியது நீங்கள்தான் என்பதால் அதைத் திருப்ப வங்கிக்குச் சுலப வழி இல்லை. தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டம்பரில்தான் 1,350 ரூபாய் ஆனது. தீபாவளி முற்பணத்தை இப்படி அனுப்பிவிட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வது: ஸ்லிப்பையும் வட்ஸ்அப் செய்தியையும் அழிக்காமல், அன்றைக்கே உங்கள் வங்கிக் கிளைக்கு எழுத்தில் கொடுங்கள். பணம் எடுக்கப்படுவதற்கு முன்னால் அந்தக் கணக்கை முடக்க முடிந்தால்தான் ஏதாவது மிஞ்சும்.