பிக்கப்பில் பிரேக் கருகும் வாடை: மலை இறக்கமா, ஹோஸா, காலிப்பரா?

குன்னூரில் கேரட் மூட்டை ஏற்றி மேட்டுப்பாளையம் இறங்கும் பிக்கப்புகள் பர்லியாரில் டீக்கு நிற்கும்போது, சில வண்டிகளின் முன்சக்கரத்திலிருந்து கருகிய வாடை வரும். எந்த வண்டிக்கு ஸ்பேனர் தேவை, எந்த வண்டிக்கு அரை மணி நேர ஓய்வு போதும் என்பதுதான் முதல் கேள்வி. இதைப் பிரித்துப் பார்க்காமல் பார்ட்ஸ் கடைக்குப் போவதால்தான் பணம் வீணாகிறது.

லோடோடு சேர்த்து இரண்டரை டன் வண்டி குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குச் சுமார் 1500 மீட்டர் உயரம் இறங்குகிறது. அதில் வெளிப்படும் ஆற்றல் 120 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கீழ் கியரில் இறங்கினால் அதில் பெரும் பங்கை எஞ்சின் தாங்கிக்கொள்ளும். நான்காம் கியரில் காலை பிரேக்கிலேயே வைத்து இறங்கினால் பெரும்பகுதி முன் டிஸ்க்கை அழுத்தும் பேடுக்கும் பின் டிரம்மை அழுத்தும் லைனிங்குக்கும்தான் போகும். அப்படி வரும் வாடைக்கு ஓர் அடையாளம் உண்டு: இரண்டு முன்சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு சுடும், வண்டி ஆறியதும் வாடை போய்விடும், சமதளத்தில் திரும்ப வராது. சுடுகிற டிஸ்க்கில் மட்டும் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். டிஸ்க் வளைந்துவிடும், விரிசலும் விடலாம்.

சமதளத்தில் பத்து கிலோமீட்டர் ஓடியதற்கே வாடை வந்தால், அல்லது ஒரு சக்கரம் மட்டும் அனலாகக் கொதித்தால், அது பிரேக் ஜாம், அதாவது காலை எடுத்த பிறகும் பிரேக் விடாமல் பிடித்திருப்பது. தொட்டுப் பார்க்க வேண்டாம். அருகில் கையைக் கொண்டுபோனாலே தெரியும். நூறு டிகிரி வித்தியாசம் காட்டிய சக்கரங்களை நான் வெப்பமானியில் பார்த்திருக்கிறேன்.

ஏற்றத்தில், ரிவர்ஸ் எடுக்கையில் கேபினுக்கு அடியிலிருந்து வாடை வந்தால் அது கிளட்ச். கிளட்ச், பிரேக் இரண்டிலும் இருப்பது உராய்வுப் பொருள்தான் என்பதால் வாடை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பேட் புதிதாகப் போட்டிருந்தாலும் முதல் சில நாள் லேசாக வாடை வரும். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

சரி, ஒரு முன்சக்கரம் மட்டும் ஜாம் என்று உறுதியாகிவிட்டது. இங்கேதான் போட்டி: பிரேக் ஆயிலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸா, பிஸ்டனால் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரா?

என் வண்டியில் இடது முன்சக்கரம் பிடித்தபோது, பட்டறையில் பார்த்தவுடனே காலிப்பர் போச்சு என்றார்கள். முழு காலிப்பர் மாற்றினேன். மூன்றாம் நாள் அதே வாடை. கடைசியில் குற்றவாளி ரப்பர் ஹோஸ். வெளியே பார்க்க நன்றாக இருந்தது. உள்ளே உப்பிப் போயிருந்ததால், மிதிக்கும்போது அழுத்தம் உள்ளே போகும், காலை எடுத்தால் திரும்பி வராது. பிஸ்டன் பேடை அழுத்திக்கொண்டே இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனைக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. வண்டியை ஓட்டிச் சக்கரம் பிடித்த நிலையிலேயே சமதளத்தில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கி ஏற்றி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரம் கையால் சுற்றாது. இப்போது காலிப்பரில் உள்ள பிளீடர் நிப்பிளை (ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் சிறு திருகு) அரைச்சுற்று தளர்த்துங்கள். பிரேக் ஆயில் பீறிட்டு, சக்கரம் விடுபட்டுச் சுற்றினால், அழுத்தம் அடைபட்டிருந்தது என்று அர்த்தம்: ஒரு பக்கம் மட்டும் இப்படி என்றால் ஹோஸ்; இரு பக்கமும் என்றால் பெடல் அழுத்தத்தை ஆயிலுக்கு மாற்றும் மாஸ்டர் சிலிண்டர், அல்லது பெடலில் ஃப்ரீ பிளே (சிறு தளர்வு) இல்லாமல் இறுக்கி வைத்தது. நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடாமல் பிடித்தே இருந்தால் பிஸ்டனோ, காலிப்பர் நகர வழிவிடும் ஸ்லைடு பின்னோ இறுகிவிட்டது. ஆயில் சூடாக இருக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள். பெயிண்டில் பட்டால் உரித்துவிடும். நிப்பிளை மூடி, ஆயில் நிரப்பி, ஏர் எடுத்த (குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றிய) பிறகே வண்டியை எடுங்கள்.

ஹோஸ் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. காலிப்பரைவிடப் பல மடங்கு மலிவு. இரு பக்கமும் ஒன்றாக மாற்றுங்கள், இரண்டுக்கும் ஒரே வயது.

காலிப்பர் என்றால் மூன்று வழி. ஸ்லைடு பின் மட்டும் இறுகியிருந்தால் கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கோன் கிரீஸ் போட்டால் வேலை முடிந்தது. வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸைப் போட்டால் ரப்பர் உப்பி, மறுபடி இறுகும். பட்டறையில் கண்ணெதிரே நடக்கிற தவறு இது. இரண்டு பேடில் ஒன்று மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால் முதலில் ஸ்லைடு பின்னைப் பாருங்கள்.

பிஸ்டன் பிடித்திருந்தால் ரிப்பேர் கிட்டா, முழு காலிப்பரா? கிட் என்பது சீலும் தூசி ரப்பரும்தான். பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது அந்தச் சீல்தான். மிதிக்கும்போது முறுக்கிக்கொண்டு, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும். அதனால் சீல் கெட்டிப்பட்டிருந்தால் கிட் உண்மையிலேயே தீர்வு. ஆனால் பிஸ்டனைக் கழற்றி, துடைத்து, நகத்தை ஓட்டிப் பாருங்கள். துருக்குழி தட்டுப்பட்டால் கிட் பணம் தண்டம். அந்த இடத்தில் நான் முழு காலிப்பர் பக்கம்தான். உப்புத் தண்ணீரும் மீன் லோடும் படும் கடலோர வண்டிகளுக்குப் பெரும்பாலும் அதுதான் கதை. கம்ப்ரஸர் காற்றால் பிஸ்டனை வெளியே தள்ளும்போது நடுவே மரக்கட்டை வைக்காமல் விரலை நீட்டாதீர்கள்.

பின் டிரம்மில் வாடை என்றால் ஹேண்ட் பிரேக் கேபிள் துரு, அல்லது புது லைனிங் போட்டு அளவுக்கு மேல் இறுக்கியது. எண்ணெய் கருகும் வாடை கலந்திருந்தால் ஆக்ஸில் சீல் கசிவு. லைனிங்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். டிரம் தூசியை வாயால் ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.

கருகிப் பளபளத்த பேடை உப்புத்தாளில் தேய்த்துப் போடலாம் என்பார்கள். காலி வண்டிக்குச் சரி, மலை லோடுக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். இரு பக்கமும் புதுப் பேட் போடுங்கள். வெந்த பிரேக் ஆயிலையும் மாற்றுங்கள். டாட் 4 ரக பிரேக் ஆயில் புதிதில் 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் உறிஞ்சியபின் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சாகிவிடும்.

எல்லாம் முடிந்ததும் பத்து கிலோமீட்டர் ஓட்டி, அதிகம் பிரேக் போடாமல் நிறுத்தி, இரு பக்கச் சூட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சமமாக இருந்தால் லோடு ஏற்றலாம்.