கியோட்டோவிலிருந்து இனே: ரயிலா, பஸ்ஸா, காரா, டூரா?

கியோட்டோ நகரிலிருந்து இனே மீனவ ஊருக்கு எந்த வழியில் போனாலும் ஒரு பக்கத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஆகும். ரயில், பஸ் என்று மாறிப் போனால் மூன்றரை மணி நேரம்கூட ஆகலாம். ஒரே நாளில் போய்த் திரும்புகிறவருக்குப் பயணத்திலேயே நான்கு முதல் ஏழு மணி நேரம் கரைந்துவிடும். அதனால் இங்கே நான்கு வழிகளையும் எடை போடும்போது டிக்கெட் விலைக்கு இரண்டாம் இடம்தான். ஊருக்குள் எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது என்பதுதான் முதல் கணக்கு.

அந்த நேரம் ஏன் முக்கியம் என்பதற்கு ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜப்பான் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் டாங்கோ தீபகற்பத்தில் இருக்கிறது இனே. விரிகுடாவைச் சுற்றி சுமார் ஐந்து கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 230 ஃபுனயாக்கள் வரிசையாக நிற்கின்றன. ஃபுனயா என்றால் படகு வீடு: மரபுப்படி கீழ்த்தளம் படகுக்கு, மேல்தளம் வலைக்கும் சாமான்களுக்கும். கீழ்த்தளத்தின் தரை சரிவாகக் கடலுக்குள் இறங்கும். மரப்படகுகள் இருந்த காலத்தில் அவற்றை அந்தச் சரிவில் இழுத்து மேலேற்றிக் காய வைத்தார்கள். தண்ணீரிலேயே கிடந்தால் மரம் உளுத்துவிடும். குடும்பம் வசிக்கும் வீடு சாலைக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில் இருக்கும்.

கடல் விளிம்பிலேயே இப்படி வீடு கட்டியும் அலை அடித்துக்கொண்டு போகாததற்குக் காரணம் நில அமைப்பு. விரிகுடா தெற்கு நோக்கித் திறந்திருக்கிறது; வாசலில் ஆவோஷிமா தீவு தடுப்புச் சுவர் மாதிரி நிற்கிறது; ஓதத்தின் ஏற்ற இறக்கமும் அரை மீட்டர் அளவுதான். 2005இல் ஜப்பான் அரசு இந்த ஊரைப் பாதுகாக்கப்பட்ட மரபுக் கட்டடப் பகுதியாக அறிவித்தது. மீனவ ஊர் ஒன்றுக்கு அந்தத் தகுதி கிடைத்தது அதுவே முதல் முறை. இதையெல்லாம் மேட்டிலிருந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் பார்க்க முடியாது. கரையோரச் சாலையில் நிதானமாக நடக்க வேண்டும், ஒருமுறை படகிலும் போக வேண்டும். அதற்குக் குறைந்தது மூன்று மணி நேரம் தேவை.

ரயிலும் உள்ளூர் பஸ்ஸும்

கியோட்டோ நிலையத்திலிருந்து 'ஹஷிதாதே' எக்ஸ்பிரஸில், பைன் மர மணல்திட்டுக்குப் பெயர்போன அமனோஹஷிதாதே வரை இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கே நிலைய வாசலிலேயே டாங்காய் நிறுவனத்தின் உள்ளூர் பஸ் ஏறினால் இனேவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். ரயிலுக்கு ஒரு வழிக்கு ஏறத்தாழ 5,000 யென் ஆகும். பஸ்ஸுக்குச் சில நூறு யென் போதும்.

காலை எட்டரை மணியை ஒட்டிக் கிளம்பும் ரயிலைப் பிடித்தால் நண்பகல் வாக்கில் இனேவில் இருக்கலாம். நான்கு மணி பஸ்ஸில் திரும்பினாலும் ஊரில் நான்கு மணி நேரம் கிடைக்கும். அதற்கடுத்த ரயில் என்றால் பொழுது பாதி போய்விடும்.

இந்த வழியில் ஆட்கள் தடுக்கி விழும் இடங்கள் மூன்று. முதலாவது, ஹஷிதாதே ரயில் 'மைசுரு' எக்ஸ்பிரஸோடு இணைந்தே கியோட்டோவிலிருந்து கிளம்பும். அயாபே நிலையத்தில் இரண்டும் பிரியும். தவறான பெட்டியில் உட்கார்ந்திருந்தால் ஹிகாஷி-மைசுரு போய்ச் சேர வேண்டியதுதான். ஏறும்போதே பெட்டியின் பக்கவாட்டுப் பலகையில் அமனோஹஷிதாதே என்று இருக்கிறதா என்று பாருங்கள். 'கினோசாகி' எக்ஸ்பிரஸில் வருபவர்கள் ஃபுகுச்சியாமாவில் இறங்கி வண்டி மாற வேண்டும்.

இரண்டாவது, பாஸ். ஜப்பான் முழுதுக்குமான ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாஸ் ஃபுகுச்சியாமா வரைதான் செல்லும். அதற்கப்பால் ஓடுவது கியோட்டோ டாங்கோ ரயில்வே, வேறு நிறுவனம். அந்தத் தூரத்துக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். மேற்கு ஜேஆரின் கன்சாய் வைட் ஏரியா பாஸ் இருந்தால் கடைசி வரை செல்லும். ஐந்து நாள் கியோட்டோ, ஒசாகா அடங்கிய கன்சாய் பக்கம் சுற்றப்போகிறவருக்கு அந்தப் பாஸ்தான் லாபம்; இனே போய்வரும் செலவிலேயே அதன் விலையில் பெரும்பகுதி கழிந்துவிடும்.

மூன்றாவதும் பெரிய சிக்கலும் உள்ளூர் பஸ்தான். ஏறத்தாழ மணிக்கு ஒன்று, அதுவும் சாதாரண ஊர் பஸ். பள்ளிப் பிள்ளைகளும் மருத்துவமனை போகும் முதியவர்களும் ஏறும் வண்டியில் ரயிலிலிருந்து இறங்கும் சுற்றுலாக் கூட்டமும் சேர்ந்துகொள்கிறது. சனி, ஞாயிறு, இலையுதிர் காலம் என்றால் ஒரு மணி நேரம் நின்றுகொண்டே போக நேரிடும். ஏற இடமில்லாமலும் போகலாம். ரயில் நின்றதும் நேராக பஸ் வரிசைக்குப் போய்விடுங்கள், கடைகளைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். பின் கதவில் ஏறி எண் சீட்டு எடுக்க வேண்டும், இறங்கும்போது ஓட்டுநர் அருகில் பணம் போட வேண்டும். 1,000 யென் தாளும் சில்லறையும் கையில் இருக்கட்டும். 10,000 யென் தாளை நீட்டினால் பஸ்ஸே காத்து நிற்கும். இடம் கிடைத்தால் வலப்பக்கம் உட்காருங்கள், வழி நெடுகக் கடல் அந்தப் பக்கம்தான்.

விரைவுச்சாலைப் பஸ்

கியோட்டோ நிலையத்திலிருந்து அமனோஹஷிதாதேவுக்கு நேர் பஸ் உண்டு. நேரம் ரயிலளவுதான், சுமார் இரண்டு மணி. கட்டணம் ரயிலைவிடக் கணிசமாகக் குறைவு, 3,000 யென் சுற்றளவில். அதன் பிறகு அதே உள்ளூர் பஸ், அதே வரிசை. நாளுக்குச் சில வண்டிகளே இருப்பதால் போக வர இரண்டுக்கும் முன்பதிவு வேண்டும். திரும்பும் வண்டியைத் தவறவிட்டால் கடைசியில் ரயில் டிக்கெட்டும் வாங்க நேரும். பாஸ் இல்லாத தனிப் பயணிக்கு இது நல்ல தேர்வு. போகும்போது பஸ், வரும்போது ரயில் என்று பிரித்துக்கொண்டால் மாலை நெரிசலில் சாலையில் மாட்டிக்கொள்ளும் பயமும் இருக்காது.

வாடகைக் கார்

மூன்று நான்கு பேர் சேர்ந்தால் காரை வேறு எதுவும் நெருங்க முடியாது. 2015இல் கியோட்டோ ஜூகான் விரைவுச்சாலை முழுமையாகத் திறந்த பிறகு, கியோட்டோவிலிருந்து இனேவுக்கு இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். சிறிய காரின் ஒரு நாள் வாடகை, இரு வழிச் சுங்கம், பெட்ரோல் எல்லாம் சேர்ந்து 20,000 யென்னுக்குள் அடங்கும். நான்கு பேர் ரயிலில் போய்வந்தால் 40,000 யென் ஆகிவிடும். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்கெல்லாம், டூர் பஸ்கள் வருவதற்கு முன்பே, ஊரில் இருக்கலாம்.

இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் உரிமம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி: இந்நாடுகள் 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையில் இருப்பதால், அதன்படி வழங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகத்தை ஜப்பான் ஏற்கும். அதைச் சொந்த ஊரிலேயே எடுத்துக்கொண்டு வர வேண்டும், மூல உரிமமும் உடன் இருக்க வேண்டும். 1968 வியன்னா உடன்படிக்கையின் மாதிரியில் அச்சிட்ட புத்தகம் செல்லாது. நம் ஊர் போலவே இடப்பக்க ஓட்டம் என்பதால் கை தடுமாறாது.

காரின் சிரமம் ஊருக்குள் தொடங்குகிறது. ஃபுனயாக்களுக்கும் வீடுகளுக்கும் நடுவே போகும் அந்த ஒரே சாலை பல இடங்களில் ஒரு வண்டி அகலம்தான். எதிரே மீன் வண்டி வந்தால் பின்னால் எடுக்க வேண்டும். முதலில் தென்படும் கட்டண நிறுத்தத்திலேயே காரை விட்டுவிட்டு நடங்கள். வீட்டு முற்றம் காலியாக இருக்கிறதே என்று அங்கே நிறுத்தக் கூடாது. டிசம்பர் முதல் மார்ச் வரை பனி பெய்யும் பகுதி இது; வாடகைக்கு எடுக்கும்போதே பனிக்கால டயர் கேட்டு வாங்க வேண்டும். பனியில் ஓட்டிப் பழக்கமில்லை என்றால் அந்த மாதங்களில் காரை மறந்துவிடுவதே நல்லது.

இன்னொன்றும் உண்டு. 1754 முதல் கரையோரத்தில் இருக்கும் முகாய் சாகே (அரிசி மது) ஆலை பழமையான சிவப்பரிசி ரகத்தில் 'இனே மன்காய்' என்ற இளஞ்சிவப்பு சாகே செய்கிறது. சுவைத்துப் பார்க்க ஆசைப்படுபவர் ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது. ஜப்பான் சட்டம் ஓட்டியவரோடு நிற்பதில்லை. குடித்தவர் ஓட்டுகிறார் என்று தெரிந்தும் உடன் வந்தவரையும் தண்டிக்கும்.

ஒரு நாள் டூர் பஸ்

கியோட்டோவிலிருந்தோ ஒசாகாவிலிருந்தோ அமனோஹஷிதாதேவையும் இனேவையும் சேர்த்துக் காட்டும் டூர்கள் ஆளுக்கு 10,000 யென் சுற்றளவில் கிடைக்கும். மாறி ஏறும் தொல்லை இல்லை, கடைசி பஸ் பயம் இல்லை. ஆனால் இனேவுக்கு ஒதுக்குவது பெரும்பாலும் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். படகில் 25 நிமிடம், அதற்கான வரிசை, கழிப்பறை எல்லாம் போக, நடக்க நேரமே இருக்காது. வயதான பெற்றோரோடு வருபவர்களுக்கும், மாறி மாறி ஏறி இறங்க முடியாதவர்களுக்கும் இதைத் தயங்காமல் சொல்வோம். ஃபுனயாவைப் பார்க்கவே இவ்வளவு தூரம் வருபவருக்கு இது போதாது. எடுப்பதாக இருந்தால் விளம்பரப் படத்தை விட்டுவிட்டு, இனேவில் எத்தனை நிமிடம் என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

சுற்றுலாப் படகா, கடல் டாக்சியா?

எந்த வழியில் வந்தாலும் ஊருக்குள் இந்தத் தேர்வு காத்திருக்கிறது. பெரிய சுற்றுலாப் படகு ஹிதே படகுத் துறையிலிருந்து அரை மணிக்கு ஒன்று கிளம்பும், முன்பதிவு வேண்டாம். ஹிதே ஊருக்கு முன்பே வரும் நிறுத்தம். இது தெரியாமல் 'இனே' நிறுத்தத்தில் இறங்குபவர்கள் இருபது நிமிடத்துக்கு மேல் திரும்பி நடக்கிறார்கள். படகில் கடற்காகங்களுக்கு இரை போடுவது ஒரு வாடிக்கை. கையை உயரத் தூக்கிப் பிடித்தால் பருந்தும் பாய்ந்து பறிக்கும்.

கடல் டாக்சி என்பது உள்ளூர்க்காரர் ஓட்டும் சின்னப் படகு. முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும், விளக்கமும் ஜப்பானிய மொழியில்தான். ஆனால் ஃபுனயாக்களை ஒட்டி மெதுவாகப் போகும். சில வீடுகளின் வாசலில் தண்ணீருக்குள் தொங்கும் கூண்டைக் காட்டுவார்கள். அது 'மொன்தோரி', மீன் தலையை இரையாக வைத்து இறக்கும் பொறி. காலையில் தூக்கினால் அன்றைய குழம்புக்கு மீன் இருக்கும். நேரம் இருப்பவர்களுக்கு எங்கள் தேர்வு இதுதான். காற்று வலுத்தால் இரண்டுமே நிற்கும்.

சாப்பாட்டில் கவனம் வேண்டும். உணவகங்கள் மிகக் குறைவு, மதியம் இரண்டு மணிக்கு மேல் பலவும் மூடிவிடும். ஊரில் 24 மணி நேரக் கடை எதுவும் கிடையாது. சைவர்கள் கியோட்டோ நிலையத்திலேயே சாப்பாடு வாங்கிவிட வேண்டும். இங்கே காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு இருக்கும். அசைவம் சாப்பிடுகிறவர்கள் குளிர்காலத்தில் வந்தால் கொழுப்பேறிய புரி மீன் கிடைக்கும். 'சோற்று மூட்டையை மறந்தாலும் குடையை மறக்காதே' என்பது இந்தப் பக்கத்துப் பேச்சு. வெயில் அடிக்கும்போதே மழை கொட்டும்.

இரண்டு பேர் வார நாளில் போகிறார்கள் என்றால் ரயிலும் பஸ்ஸும். குடும்பமாக, பனி இல்லாத மாதத்தில் என்றால் கார். பஸ்ஸில் வருபவர்கள் இறங்கிய உடனே, எதிர்ப்புறத்து நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் மாலை நேர அட்டவணையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசிக்கு முந்தைய பஸ்ஸைக் குறி வையுங்கள். அது நிரம்பி வந்தாலும் இன்னொன்று இருக்கும். அதையும் விட்டுவிட்டால் அமனோஹஷிதாதே வரை டாக்சிக்கு 10,000 யென் நெருங்கிவிடும்.