பி.எஃப். இறப்புக் காப்பீடு: தொகை தாராளம், நடைமுறையில்தான் சிக்கல்

சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கப்படும் எல்லோருக்கும் ஓர் ஆயுள் காப்பீடு உண்டு. பெயர் இ.டி.எல்.ஐ. (எம்ப்ளாயீஸ் டெபாசிட் லிங்க்டு இன்சூரன்ஸ்). 1976 முதல் இருக்கிறது. தொழிலாளி ஒரு பைசா கட்ட வேண்டாம், சம்பளத்தில் 0.5 சதவீதத்தை, மாதம் அதிகபட்சம் 75 ரூபாயை, நிறுவனமே கட்டுகிறது. வேலையில் இருக்கும் ஒருவர் இறந்தால், ஆலையிலா வீட்டிலா, விபத்தா நோயா என்று பார்க்காமல் குடும்பத்துக்குப் பணம் கொடுக்கிறார்கள். தனியார் காப்பீட்டில் இந்த விலைக்கு இப்படி ஒன்று கிடைக்காது.

கடைசி 12 மாதச் சராசரிச் சம்பளத்தை 35-ஆல் பெருக்க வேண்டும். சம்பளம் என்றால் அடிப்படையும் பஞ்சப்படியும்தான், அதுவும் 15,000 வரை. அதோடு பி.எஃப். கணக்கின் சராசரி இருப்பில் பாதி, 1,75,000 வரை சேரும். 12,000 சம்பளமும் 1,20,000 சராசரி இருப்பும் உள்ளவர் குடும்பத்துக்கு 4,20,000 + 60,000, ஆக 4,80,000 ரூபாய். உச்சவரம்பு 7 லட்சம். இறப்புக்கு முந்தைய 12 மாதமும் தொடர்ந்து வேலையில் இருந்தவருக்குக் குறைந்தபட்சம் 2.5 லட்சம்.

பி.எஃப்.போடு சேர்ந்த பென்ஷனையும் சேர்த்தே கேட்க வேண்டும். பத்து வருடம் முடியாததால் பென்ஷன் கிடையாது என்று நினைத்து விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. அந்தப் பத்து வருடக் கணக்கு, உறுப்பினர் தாமே ஓய்வுபெற்று வாங்கும் பென்ஷனுக்கு. பணியில் இருக்கும்போது இறந்தால், பென்ஷன் திட்டத்தில் ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே மனைவிக்கோ கணவருக்கோ பென்ஷன் உண்டு. இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை தனியாக உண்டு. மனைவிக்கான குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். இந்தக் காலத்தில் அது போதவே போதாது.

இனி சிக்கல்கள். பெரும்பாலானவை நாமினி விஷயத்தில் வருகின்றன. பி.எஃப். உறுப்பினர் இணையதளத்தில் இ-நாமினேஷன் போட, முதலில் சுயவிவரத்தில் புகைப்படம் ஏற்ற வேண்டும். அது இல்லாவிட்டால் அடுத்த பக்கத்துக்கே போகாது. பிறகு குடும்ப விவரம், நாமினியின் ஆதார், பங்கு சதவீதம். எல்லாம் நிரப்பிச் சேமித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஆதார் ஓ.டி.பி. மூலம் இ-கையெழுத்துப் போடும்வரை அது நிலுவையில்தான் கிடக்கும், செல்லாது. திருமணத்துக்கு முன் போட்ட நாமினேஷனும் திருமணத்தோடு செல்லாமல் போகும். புதிதாகப் போட வேண்டும்.

முறையாகப் போட்டிருந்தால், நாமினி தன் ஆதார் எண்ணையும் அதனுடன் இணைத்த கைபேசியையும் வைத்து இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். இல்லாவிட்டால் காகிதப் படிவம், நிறுவனத்தின் கையொப்பம், தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் என்று அலைய வேண்டியிருக்கும். கணவரை இழந்து சில வாரங்களே ஆன ஒரு பெண்ணை இப்படி அலையவிடுவது கொடுமை. உயிரோடிருந்தபோது பத்து நிமிடம் செலவிட்டிருந்தால் தவிர்த்திருக்கலாம்.

தமிழ்நாட்டில் இன்னொரு தலைவலி இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், பி.எஃப். பதிவில் ஓரெழுத்து, இறப்புச் சான்றிதழில் வேறு மாதிரி. பெயர் ஒத்துப்போகவில்லை என்று விண்ணப்பம் திரும்பிவிடும். இறப்பைப் பதிவு செய்யும்போதே ஆதாரைக் காட்டி அதே எழுத்துகளில் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

எச்.ஆர். செய்ய வேண்டிய மிக முக்கியமான வேலை, பி.எஃப். இணையதளத்தில் நிறுவனத்துக்கான பக்கத்தில் விலகிய தேதியைப் பதிவதுதான். காரணமாக 'பணியில் இறப்பு' என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். பழக்கதோஷத்தில் சாதாரண விலகல் என்று போட்டுவிட்டால் காப்பீட்டுக் கோரிக்கை சிக்கிக்கொள்ளும். திருத்தக் கடிதம் அனுப்பி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பி.எஃப். தொகைக்கும் இ.டி.எல்.ஐ.க்கும் பென்ஷனுக்கும் ஒரே கூட்டுப் படிவம் இருப்பது நல்ல ஏற்பாடு. மூன்றையும் ஒருசேரக் கேட்டிருக்கிறார்களா என்று எச்.ஆர். பார்த்துவிட்டு அனுப்பட்டும்.

தொகைக்கு ஐந்துக்கு நான்கரை நட்சத்திரம். நடைமுறைக்கு இரண்டரைதான்.

முதல் வாரச் செலவுக்கு இத்திட்டம் உதவாது. ஆவணங்கள் எல்லாம் சரியாக இருந்தாலே பி.எஃப். தொகைக்கு 20 நாள் கெடு. ஈ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீட்டில்) உள்ளவர் என்றால் இறுதிச் சடங்குக்கு 15,000 ரூபாய் வரை அங்கே தனியாகக் கேட்கலாம். மூன்று மாதத்துக்குள் கேட்டுவிட வேண்டும். இந்தப் பணமெல்லாம் வரும்வரை கையிலிருந்து கொடுக்க வேண்டியது நிறுவனம்தான்: நிலுவைச் சம்பளம், விடுப்புச் சம்பளம், பணிக்கொடை. இறப்பு என்றால் பணிக்கொடைக்கு ஐந்து வருட நிபந்தனை இல்லை என்பது பல சிறு நிறுவனக் கணக்காளர்களுக்கே தெரிவதில்லை.