சொந்த ஆன்டெனாவா, துருவ நிலையமா, நிமிட வாடகையா?

சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில், சூரியனோடு ஒத்தியங்கும் பாதையில் (ஏறத்தாழத் துருவங்களுக்கு மேலாகச் சென்று, ஒவ்வோர் இடத்தையும் ஏறத்தாழ ஒரே உள்ளூர் நேரத்தில் கடக்கும் பாதை) செல்லும் சிறு புவி நோக்குச் செயற்கைக்கோள் ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 முறை பூமியைச் சுற்றுகிறது. தரவை வாங்கிக் கட்டளை அனுப்பும் ஆன்டெனா நிற்கும் ஒரு தரைநிலையத்தின் பார்வையில் அது ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் தங்கினாலே அதிகம். எனவே, சொந்த ஆன்டெனா, துருவ நிலையம், நிமிட வாடகை ஆகிய வழிகளில் தேர்வு செய்வோருக்கு, ஆன்டெனா யாருக்குச் சொந்தம் என்பதைவிட அது எங்கே நிற்கிறது என்பதே முதன்மையான கேள்வி.

பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் சொந்த நிலையத்தையே முதலில் நாடுகின்றன. எவருடைய அட்டவணைக்கும் காத்திராமல் கட்டளை அனுப்பலாம். மாணவர்களும் தொழிலைக் கற்கிறார்கள். ஆனால் சென்னை, பெங்களூரு போன்ற தாழ்ந்த அட்சரேகை ஊர்களில் நாளுக்கு நான்கைந்து கடப்புகளே, அதாவது செயற்கைக்கோள் பார்வையில் வந்துபோகும் வேளைகளே, கிடைக்கும். அவையும் இரு வேளைகளில் கொத்தாக வந்துபோவதால் இடையில் பல மணி நேரம் தொடர்பே இராது. தன்னார்வ வானொலி அலைவரிசையில் வழக்கமான நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் எட்டு நிமிடம் இறக்கினால் சேர்வது 600 கிலோபைட்டுக்கும் குறைவு. செயற்கைக்கோளின் உடல்நிலையை அறிய அது போதும், படம் இறக்கப் போதாது.

நார்வேயின் ஸ்வால்பார்டு நிலையம் 78 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால் துருவப் பாதைச் செயற்கைக்கோளின் எல்லாச் சுற்றுகளையும் காண்கிறது. அதிவேகத் தரவிறக்கத்துக்கான எக்ஸ் பேண்ட் அலைவரிசையில் நொடிக்கு 100 மெகாபிட் வேகமும் கடப்புக்கு எட்டு நிமிடமும் என்று கொண்டால், தாழ்ந்த அட்சரேகை ஊரில் நாளுக்கு நான்கு கடப்புகளில் 24 ஜிகாபைட் கிடைக்கும்போது, ஸ்வால்பார்டில் 15 கடப்புகளில் 90 ஜிகாபைட் வரை இறங்கும். இந்தியாவும் அண்டார்டிகாவின் பாரதி ஆய்வுத்தளத்தில் 2013இல் தரவு ஏற்பு நிலையம் அமைத்தது. வெள்ளப் படத்துக்காகக் காத்திருக்கும் ஒரு மாவட்ட நிர்வாகத்துக்கு, ஒன்றரை மணி நேரத்துக்குள் அடுத்த கடப்பு உறுதி என்பது பெரிய பலம். ஸ்வால்பார்டிலிருந்து தரவு கடலடிக் கேபிள்கள் இரண்டின் வழியே வருகிறது; அவற்றில் ஒன்று 2022 ஜனவரியில் சேதமுற்றபோது மற்றொன்றே சேவையைக் காத்தது.

இணையவழிக் கணினி வசதியை வழங்கும் மேகக் கணிமை நிறுவனங்கள் தம் ஆன்டெனாக்களையும் நிமிடக் கணக்கில் விடும் வாடகை முறைக்கு முதலீடு தேவையில்லை. தரவு இறங்கிய இடத்திலேயே அதைச் செயலாக்கலாம். அமேசான் இச்சேவையை 2019இல் வணிக அளவில் திறந்தது. மைக்ரோசாஃப்டோ தன்னுடைய சேவையை 2024 இறுதியில் மூடிவிட்டது. ஐந்தாண்டு ஆயுளுள்ள செயற்கைக்கோளை வாடகைக்கு விடும் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைப்பதை இதனாலேயே நான் ஏற்பதில்லை.

ஒன்றிரண்டு செயற்கைக்கோள்கள் மட்டும் வைத்திருப்போருக்கு என் பரிந்துரை இதுதான்: கட்டளைக்கும் அவசர மீட்புக்கும் சிறிய சொந்த நிலையம், படங்களுக்குத் துருவ நிலையத்தில் வாடகை நேரம், நெருக்கடிக் காலத்துக்கு மட்டும் நிமிட வாடகை. எந்த நாட்டிலிருந்து கட்டளை அனுப்பினாலும் அந்நாட்டின் அலைவரிசை உரிமம் தேவைப்படும் என்பதால், இந்தத் தேர்வை ஏவுதலுக்கு வெகு முன்பே முடித்துவிட வேண்டும்.