லாஃப்ட் கட்டுமுன் கவுன்சில் சான்றிதழ்: கொடுக்கும் காசுக்குத் தகுமா?

இங்கிலாந்தில் செமி (ஒரு பக்கச் சுவர் மட்டும் அடுத்த வீட்டோடு ஒட்டிய) வீட்டின் கூரைக்குள் அறை கட்டப் பெரும்பாலும் பிளானிங் பெர்மிஷன் (கவுன்சிலின் கட்டுமான அனுமதி) வேண்டியதில்லை. அந்த அனுமதி இல்லாமலே கட்ட விடும் பெர்மிட்டட் டெவலப்மெண்ட் விதிகளே போதும். அதைக் கவுன்சிலே எழுத்தில் உறுதிசெய்து தருவதுதான் லாஃபுல் டெவலப்மெண்ட் சர்டிஃபிகேட். கட்டாயமில்லை, ஆனாலும் வாங்காமல் கூரை ஓடுகளைப் பிரிக்காதீர்கள். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் சொலிசிட்டர் (வழக்கறிஞர்) இதைத்தான் கேட்பார்.

2025 ஏப்ரலில் வீட்டு விரிவாக்கத்துக்கான பிளானிங் விண்ணப்பக் கட்டணம் 528 பவுண்ட் ஆனது; சான்றிதழுக்கு அதில் பாதி. ஒவ்வோர் ஏப்ரலிலும் தொகை திருத்தப்படும். வேலையைத் தொடங்கிவிட்டுக் கேட்டால் முழுக் கட்டணம். பிளானிங் போர்ட்டல் இணையதளம் வழியாக அனுப்பினால் சேவைக் கட்டணம் தனி. நேராகக் கவுன்சிலுக்கு அனுப்பினால் அது மிச்சம். முடிவுக்கு 8 வாரம். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தோற்றம் பிடிக்காவிட்டாலும் அது கணக்கில் வராது. விதிக்குள் அடங்குகிறதா என்பதே கேள்வி. இந்தச் சேவையின் பெரிய பலம் அதுதான்.

அடங்குகிறது என்று காட்டும் பொறுப்பு முழுக்க விண்ணப்பிப்பவருடையது. செமிக்குக் கூரையில் கூட்டும் இடத்தின் வரம்பு 50 கன மீட்டர், வெளி அளவில். முந்தைய உரிமையாளர் போட்ட டார்மரும் (சாய்ந்த கூரையிலிருந்து சன்னலோடு வெளியே நீட்டிக் கட்டும் பகுதி) இதில் சேரும். பலர் இடறுவது ஹிப் டு கேபிளில்: சாய்ந்த பக்கக் கூரையை நேர்ச்சுவராக்கினால் அந்தக் கூடுதல் இடமும் கணக்குதான். சுவர் அகலம் 8 மீட்டர், கூரை உயரம் 3, முகடு நீளும் தூரம் 4 என்றால் மூன்றையும் பெருக்கி 6 ஆல் வகுக்க, 16 கன மீட்டர். பின்பக்க டார்மர் 6 மீட்டர் அகலம், 2.7 உயரம், 3.6 ஆழம் என்றால் பெருக்கியதில் பாதி, சுமார் 29. மொத்தம் 45, தப்பிக்கலாம். இந்தக் கணக்கை வரைபடத்திலேயே எழுதுங்கள்.

டார்மர், வீட்டுக் கூரையின் கீழ்விளிம்பிலிருந்து 20 செ.மீ. உள்ளே தள்ளியிருப்பதையும் அளவோடு குறியுங்கள். தெருவைப் பார்த்த முன்கூரையில் டார்மர் கூடாது. மாடிப்படிக்கான பக்கச் சன்னலுக்கு மங்கல் கண்ணாடி, சன்னல் உள்ள அறையின் தரையிலிருந்து 1.7 மீட்டருக்கு மேலேதான் திறக்கலாம். பாதுகாக்கப்பட்ட பகுதியிலோ, ஆர்ட்டிகிள் 4 உத்தரவு இந்த உரிமையை நீக்கிய தெருவிலோ முழு பெர்மிஷன்தான் வழி.

இந்தச் சான்றிதழ் பில்டிங் ரெகுலேஷன் (கட்டடப் பாதுகாப்பு விதிகள்) ஒப்புதலுக்கு ஈடாகாது. உத்தரம், தீத்தடுப்புக் கதவு, புகை அலாரம் எல்லாம் அங்கே தனியாகப் பார்ப்பார்கள். பொதுச்சுவரில் இரும்பு உத்தரம் பதிப்பதென்றால் பக்கத்து வீட்டாருக்கு 2 மாதம் முன்பே பார்ட்டி வால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். சான்றிதழுக்குக் காத்திருக்கும் வாரங்களிலேயே அதைக் கொடுத்துவிடலாம்.